சோதனையில் தவறிய பழைய கார்: அறிக்கையில் உள்ள குறையிலிருந்து உண்மையான பழுது வரை

தகுதிச் சோதனை அறிக்கையில் எழுதியிருப்பது அறிகுறி மட்டும்தான். "முன் இடது பிரேக் பலம் குறைவு" என்று இருக்கும். ஏன் குறைவு என்று இருக்காது. சோதிப்பவருடைய வேலை அளப்பதோடு முடிந்துவிடுகிறது. பழைய கார் வைத்திருப்பவர்கள் பணத்தையும் நாளையும் இழப்பது இந்த இடத்தில்தான். அறிக்கையில் எந்தப் பாகத்தின் பெயர் இருக்கிறதோ, அதையே வாங்கி மாட்டிவிட்டு மறுபடியும் சோதனைக்குப் போகிறார்கள்.

எனவே முதலில் அறிக்கையை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். எந்தெந்தக் குறைகள் ஒன்றோடொன்று சேருகின்றன என்று பாருங்கள். பின் விளக்கு மங்கல், பிரேக் விளக்கு மங்கல், இண்டிகேட்டர் வேகம் தவறு என மூன்று வரி இருந்தால் அது பெரும்பாலும் ஒரே ஒரு எர்த் இணைப்பின் (மின்சாரம் பாடியின் உலோகம் வழியாகப் பாட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) வேலை. பின் டிரம்மில் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் உருளையில்) எண்ணெய், பின் பிரேக் பலம் குறைவு, கை பிரேக் பிடிக்கவில்லை என்ற மூன்றும் ஒரு ஆக்சில் சீலில் (சக்கர அச்சின் எண்ணெயை வெளியே விடாத வளையத்தில்) போய் முடியலாம்.

வேலையைத் தொடங்கும் வரிசையும் முக்கியம். துரு பெரிதாக இருந்தால் அதிலிருந்து ஆரம்பியுங்கள். வெல்டிங் முடியும் முன் புது பிரேக் குழாயும் வயரிங்கும் போட்டால், வெல்டிங் சூட்டில் அவை பாழாகும். அடுத்து பிரேக், ஸ்டீயரிங். விளக்கும் புகையும் கடைசியில். காருக்கு அடியில் போகும் எந்த வேலைக்கும் ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். சமதளத்தில் ஸ்டாண்ட் வைத்து, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, காரை ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது. இடது, வலது பலம் சமமாக இல்லை

பழைய கார்களில் அதிகம் வரும் தோல்வி இது. அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். கார் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் பிரேக் நன்றாகப் பிடிக்கிறது என்று பொருள். பழுது பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தில் இருக்கும். ரோலரில் ஏற்றி அளக்கும் சோதனையில் ஒரே ஆக்சிலின் இரு சக்கரங்களையும் ஒப்பிடுவார்கள். ஐரோப்பாவில் பொதுவாக 30 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தேறாது.

என்னிடம் இருக்கும் 1964ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் என்ற பிரிட்டிஷ் கார் இந்தக் குறைக்காக இரண்டு முறை தவறியது. முன் இடது பக்கம் பலம் குறைவு என்றதும் டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூக்களையும், அவற்றைத் தள்ளும் வீல் சிலிண்டர் இரண்டையும் அந்தப் பக்கத்தில் மாற்றினேன். டிரம்மைச் சுத்தம் செய்தேன், ஏர் எடுத்தேன் (குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றினேன்). மறு சோதனையில் கிட்டத்தட்ட அதே எண். மனது விட்டுப்போயிற்று. மூன்றாம் நாள், தம்பியைப் பெடல் மிதிக்கச் சொல்லிவிட்டு இடது பக்க பிளீட் நிப்பிளை (காற்றை வெளியேற்றும் சிறு திருகை) திறந்தேன். எண்ணெய் சொட்டுச் சொட்டாக வந்தது. வலது பக்கம் திறந்தபோது பீய்ச்சி அடித்தது. குறை, சக்கரத்துக்கு பிரேக் எண்ணெய் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸில் இருந்தது. வெளியே பார்க்கப் பளபளப்பாக, ஒரு வெடிப்பும் இல்லாமல் இருந்த ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருந்தது. அரைமணி நேர வேலை. முதல் நாளே இந்தச் சோதனையைச் செய்திருக்கலாம்.

அதனால் இப்போது நான் பின்பற்றும் வரிசை இது. முதலில் டயர் காற்று. இரு பக்கமும் ஒரே அளவு, ஒரே வகை டயரா என்று பாருங்கள். அடுத்து ஷூ அட்ஜஸ்ட்மெண்ட். சக்கரத்தைத் தூக்கி, ஷூ டிரம்மில் முட்டும் வரை திருகி, சக்கரம் தடையின்றிச் சுற்றும் அளவுக்குத் தளர்த்துங்கள். நாற்கோண முனையுள்ள அட்ஜஸ்டர்கள் துருப்பிடித்து இறுகியிருந்தால் பலவந்தப்படுத்தாதீர்கள், முனை மழுங்கிவிடும். துரு இளக்கும் எண்ணெயை முந்தின இரவே விட்டு வையுங்கள். அதற்குப் பிறகுதான் நிப்பிளைத் திறந்து இரு பக்க ஓட்டத்தை ஒப்பிடும் சோதனை. ஓட்டம் சமமாக இருந்தால் டிரம்மைக் கழற்றலாம்.

கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. பழைய லைனிங்குகளில் (ஷூவின் மேல் உள்ள உராய்வுப் பட்டைகளில்) கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்தோ உலர்ந்த பிரஷ்ஷால் தட்டியோ எடுக்கவே கூடாது. நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிவிடுங்கள். இதில் சமரசம் வேண்டாம்.

உள்ளே ஈரம் இருந்தால் அது எந்த எண்ணெய் என்று கண்டுபிடியுங்கள். வழக்கமான பிரேக் ஆயில் தண்ணீரில் கரைந்து போகும். ஆக்சில் ஆயில் கரையாது, கந்தக வாடை அடிக்கும். பிரேக் ஆயில் என்றால் வீல் சிலிண்டர் ரப்பர் போயிருக்கிறது. ஆக்சில் ஆயில் என்றால் சீல் மாற்ற வேண்டும், ஆனால் சீலோடு நிறுத்தாதீர்கள். ஆக்சில் மேலிருக்கும் சிறிய காற்றுத் துவாரம் அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி புதுச் சீலையும் தாண்டி எண்ணெய் வெளியே வரும். எண்ணெய் குடித்த லைனிங்கைக் கழுவியோ சூடுகாட்டியோ காப்பாற்ற முடியாது. இரு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் நீங்களே ஒரு புது வித்தியாசத்தை உண்டாக்குகிறீர்கள்.

பெடல் சரியில்லை

பெடலை மிதித்தால் காலுக்கு என்ன தெரிகிறது என்பதை வைத்தே பாதிப் பழுதைப் பிரித்துவிடலாம். பஞ்சுபோல அமுங்கினால் உள்ளே காற்று. முதல் மிதியில் ஆழமாகப் போய், இரண்டு மூன்று முறை மிதித்ததும் மேலே வந்து கெட்டியானால் ஷூ இடைவெளி அதிகம். அழுத்திப் பிடித்திருக்கும்போது மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கி, வெளியில் எங்கும் கசிவும் இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் (பெடல் நேரடியாக இயக்கும் சிலிண்டர்) ரப்பர் தேய்ந்து, எண்ணெய் பின்னால் நழுவுகிறது. ஒற்றைச் சர்க்யூட் (நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய் வழி) உள்ள பழைய கார்களில் இந்தக் கடைசி அறிகுறியோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். அது கைவிட்டால் நான்கு சக்கரமும் சேர்ந்தே கைவிடும்.

கல்போல் கெட்டியாக இருந்தும் கார் நிற்க மறுத்தால், சர்வோ (மிதிக்கும் பலத்தைப் பெருக்கும் கருவி) உள்ள காரில் அதைச் சோதியுங்கள். என்ஜினை அணைத்து ஐந்தாறு முறை மிதித்து, பெடலை அழுத்தியபடியே என்ஜினைக் கிளப்புங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் சர்வோ வேலை செய்கிறது. சர்வோவே இல்லாத கார் என்றால் லைனிங் வழவழத்துப் போயிருக்கலாம்.

நான்கு சக்கரமும் இறுகியே இருக்கிறது, ஓட ஓட இன்னும் இறுகுகிறது என்றால் சக்கரத்தைத் தொடாதீர்கள். பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் நடுவிலுள்ள தள்ளுகம்பியில் சிறு இடைவெளி இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும் துளை மூடியே கிடக்கும். ஒரே ஒரு சக்கரம் மட்டும் பெடலை விட்டபின்னும் பிடித்துக்கொண்டிருந்தால், அதன் நிப்பிளைத் திறந்து பாருங்கள். அழுத்தம் பீய்ச்சி வெளியேறி சக்கரம் விடுபட்டால் அதே ஹோஸ் கதைதான். விடுபடாவிட்டால் சிலிண்டர் பிஸ்டனோ ஷூவோ இறுகியிருக்கிறது.

ஏர் எடுக்கும்போது பழைய மாஸ்டர் சிலிண்டரில் பெடலைத் தரை வரை மிதிக்க வேண்டாம். வழக்கமாக ஓடாத இடத்தில் துளைச் சுவர் துருவேறிச் சொரசொரப்பாக இருக்கும். ரப்பர் அங்கே போனால் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பிரேக் ஆயில் பற்றி ஒன்று. டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைகால் வகை, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் சிலிண்டர்கள் நீண்ட நாள் வாழும். டாட் 5 மட்டும் சிலிக்கான். இரண்டையும் கலக்கக் கூடாது. பெயர் ஒட்டியிருப்பதால் 5க்கும் 5.1க்கும் குழம்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். துருப்பிடித்த உலோகக் குழாய்களுக்குச் செம்பு-நிக்கல் கலப்புக் குழாய் போடுங்கள், அது துருப்பிடிக்காது. கிளிப்பைக் கழற்றி அடியில் பாருங்கள், அரிப்பு எப்போதும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

கை பிரேக் பிடிக்கவில்லை

கேபிளை இறுக்குவது கடைசி வேலை. முதலில் பின் ஷூக்களை முழுதாக அட்ஜஸ்ட் செய்யுங்கள், பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். ஷூ இடைவெளியை விட்டுவிட்டு கேபிளை மட்டும் இறுக்கினால் நெம்புகோல் பாதி இழுபட்ட நிலையில் நின்று, கை பிரேக்கும் பிடிக்காது, கால் பிரேக்கும் கெடும். ஒரு பக்கம் மட்டும் பலவீனம் என்றால் கேபிள் உறைக்குள் துருவோ, நெம்புகோல் ஊசி இறுகியிருப்பதோ காரணம்.

முன் சக்கரத்தில் ஆட்டம், ஸ்டீயரிங் லூஸ்

சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி அசையுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையாமல் அப்படியே இருந்தால், சக்கரம் திரும்பும்போது அதைத் தாங்கும் மூட்டுகள்: கிங்பின், ட்ரன்னியன் அல்லது பால் ஜாயிண்ட். இந்த ஒரு சோதனை தேவையில்லாத செலவை எத்தனையோ பேருக்கு மிச்சப்படுத்தியிருக்கிறது. பிறகு இடமும் வலமுமாகப் பிடித்து அசையுங்கள். இந்தத் திசையில் மட்டும் ஆட்டம் என்றால் டை ராட் எண்டும் (ஸ்டீயரிங் கம்பியின் முனை மூட்டு) மற்ற ஸ்டீயரிங் இணைப்புகளும். ஒருவர் அசைக்க, இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பின்மேலும் கைவைத்துப் பார்த்தால் தேய்ந்த இடம் விரலுக்குத் தெரிந்துவிடும்.

மோரிஸ் மைனரின் கீழ் ட்ரன்னியனைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். மரைபோட்ட கிங்பின் அதில் திருகி நிற்கிறது. கிரீஸ் இல்லாமல் ஓடினால் மரை தேய்ந்து, ஒருநாள் கழன்று, சக்கரம் அப்படியே மடிந்து விழும். இந்த ஆட்டத்தை "கொஞ்சம்தானே" என்று விடக் கூடாது. கிரீஸ் அடிக்கும்போது காரைத் தூக்கிச் சக்கரம் தொங்கும் நிலையில் அடியுங்கள். எடை ஏறியிருந்தால், தேய்மானம் நடக்கும் முகத்துக்கு கிரீஸ் போய்ச் சேராது. ட்ரயம்ஃப் ஹெரால்ட், ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்களுக்கு விஷயம் வேறு. அந்த ட்ரன்னியனுக்கு கிரீஸ் அல்ல, இ.பி. 90 கியர் ஆயில்தான்.

ஸ்டீயரிங் பாக்ஸ் (ஸ்டீயரிங் திருப்பலைக் கடத்தும் பல்சக்கரப் பெட்டி) உள்ள கார்களில் இணைப்புகள் எல்லாம் நன்றாக இருந்தும் லூஸ் இருந்தால் மட்டும் பாக்ஸ் திருகைத் தொடுங்கள். சக்கரம் நேராக இருக்கும் நிலையில் கொஞ்சமாகத் திருகி, இரு கோடி வரை திருப்பிப் பாருங்கள். எங்காவது இறுகினால் அளவு மீறிவிட்டது. வளைவில் திரும்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராத கார், லூஸான காரைவிட ஆபத்தானது.

விளக்குகள்: மங்கல், தவறான வேகம், ஒன்று எரிந்தால் இன்னொன்று மின்னுகிறது

இண்டிகேட்டர் போட்டால் பின் விளக்கும் சேர்ந்து துடிக்கிறதா? எர்த். பிரேக் மிதித்தால் பார்க்கிங் விளக்கு மங்குகிறதா? எர்த். மின்சாரம் தன் வழியில் திரும்ப முடியாமல் பக்கத்துப் பல்பு வழியாக வழி தேடுகிறது, அவ்வளவுதான். பாட்டரியின் எர்த் முனையிலிருந்து ஒரு நீள வயரை எடுத்து விளக்குக் கிண்ணத்தின் உலோகத்தைத் தொடுங்கள். பளிச்சென்று ஆனால் பழுது கண்டுபிடித்தாயிற்று. பெயிண்டைச் சுரண்டி, உலோகம் தெரியும்வரை உப்புத்தாள் போட்டு, இறுக்கி, மேலே பூச்சு வையுங்கள்.

மீட்டர் இருந்தால் இன்னும் துல்லியம். விளக்கை எரியவிட்டு, பாட்டரி எர்த் முனைக்கும் பல்பு ஹோல்டரின் உலோகத்துக்கும் இடையே அளந்து பாருங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டுக்கு மேல் போனால் இணைப்பு கெட்டிருக்கிறது. சப்ளை பக்கத்தையும் இப்படியே துண்டு துண்டாக அளந்து வரலாம். 1960களின் பல பிரிட்டிஷ் கார்களில் பாட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியில் எர்த் ஆகியிருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

ஹெட்லைட் மங்கலுக்குப் பிரதிபலிப்பானின் வெள்ளி மங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வோல்டேஜுக்கு வாருங்கள். பல்புக்குப் போகும் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறையும். பழைய சுவிட்ச் வழியாக முழு மின்சாரமும் போகும் கார்களில் ஒரு ரிலே (பாட்டரியிலிருந்து நேராகப் பல்புக்கு மின்சாரம் விடும் மின்சுவிட்ச்) வைத்தால் அதே பல்பே வேறு விளக்குப்போல எரியும். அதிக வாட் பல்பு போடுவது தீர்வல்ல. பழைய வயர் சூடாகும்.

இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மின்ன வேண்டும். பழைய வெப்பவகை ஃபிளாஷர் (இண்டிகேட்டரை மின்ன வைக்கும் கருவி) 21 வாட் பல்புகளின் சுமையை நம்பி ஓடுகிறது. அதில் எல்.இ.டி. போட்டால் சுமை குறைந்து தாளம் கெடும், எலக்ட்ரானிக் ஃபிளாஷர் தேவைப்படும். பிரேக் விளக்கு பலமாக மிதித்தால் மட்டும் எரிந்தால், பிரேக் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் சுவிட்ச் தேய்ந்திருக்கிறது. ஃபியூஸ் மாற்றுபவர்களுக்கு: லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 ஆம்பியர் என்று இருப்பது அது எரியும் அளவு, தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். இன்றைய 35 ஆம்பியர் ஃபியூஸை அதே இடத்தில் வைத்தால் ஃபியூஸுக்கு முன்னால் வயர் எரியும்.

துரு

சோதிப்பவர் ஓரிடத்தைக் குறித்திருந்தால், அதைச் சுற்றி ஒரு முழம் தூரம் ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், துருவேறியது மொத்தென்று ஒலிக்கும். கதவுக்குக் கீழுள்ள சில், ஸ்பிரிங் மாட்டும் இடங்கள், சீட் பெல்ட் பிடிகள், ஜாக்கி வைக்கும் இடங்கள், ஸ்டீயரிங் பொருந்தும் இடம் ஆகியவை காரின் எலும்பு. இங்கே பட்டி, ஃபைபர் எதுவும் கூடாது. மேலே ஒரு தகட்டை ஒட்டவைப்பதும் கூடாது. துருவை முழுக்க வெட்டியெடுத்து, பளபளக்கும் நல்ல தகடு கிடைத்த இடத்திலிருந்து, சுற்றிலும் தொடர்ச்சியாக வெல்டிங் வையுங்கள். மிதமான சூட்டில், இடம் மாற்றி மாற்றி, சிறு சிறு துண்டாக வைத்துக் கடைசியில் இணைத்தால் தகடு கோணாது.

சில்லை வெட்டும் முன் காரை எங்கெங்கே தாங்குகிறீர்கள் என்று யோசியுங்கள். கதவு இடைவெளியை அளந்து குறித்துவைத்து, கதவு வாயிலுக்குக் குறுக்கே ஒரு கம்பி வைத்துப் பற்றவையுங்கள். இல்லாவிட்டால் பாடி தொய்ந்து, அதே நிலையில் வெல்டிங் ஆகிவிடும். பிறகு கதவு மூடாது. பாட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். அருகில் பெட்ரோல் குழாயோ தொட்டியோ இருந்தால் அதையும் கழற்றி வெளியே கொண்டுபோங்கள். காலித் தொட்டியில் இருக்கும் ஆவிதான் வெடிக்கும். முடிந்ததும் உள்ளறைக்குள் மெழுகுப் பூச்சு அடிக்காமல் விட்டால் அதே இடத்தில் துரு சில வருடங்களில் திரும்ப வரும்.

புகை அளவு தவறு

கார்பன் மோனாக்சைடு அதிகம் என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. கார்புரேட்டரைத் தொடும் முன் ஏர் ஃபில்டரையும், சோக் முழுதாகத் திரும்புகிறதா என்பதையும் பாருங்கள். கேபிள் இறுகி, சோக் சற்றே இழுபட்ட நிலையில் நிற்பது அடிக்கடி நடக்கிறது. மோனாக்சைடு குறைவாக இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறியிருந்தால் எரியாத பெட்ரோல் வெளியே வருகிறது. என்ஜின் எங்கோ மிஸ் அடிக்கிறது. பிளக், பாயிண்ட், டைமிங், வால்வு இடைவெளி என்ற வரிசையில் பாருங்கள். அத்தோடு மேனிஃபோல்ட் (என்ஜினுக்குள் கலவை போகும் குழாய்) கேஸ்கெட் ஓரமாகக் காற்று உள்ளே போகிறதா என்று, என்ஜின் ஓடும்போது தண்ணீரை மெல்லத் தெளித்துப் பார்க்கலாம். ஓசை மாறினால் கசிவு அங்கே.

பழைய பிரிட்டிஷ் கார்களில் உள்ள எஸ்.யூ. கார்புரேட்டரில் கலவையைக் காதாலேயே சோதிக்கலாம். என்ஜின் நன்றாகச் சூடான பின், பக்கத்திலுள்ள ஊசியால் கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்துங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். என்ஜின் தடுமாறி அணையப் பார்த்தால் குறைவு. ஒரு நொடி லேசாகக் கூடி, பழைய வேகத்துக்கு வந்தால் சரி. மேலே உள்ள டேஷ்பாட்டில் (அந்தப் பிஸ்டனின் அசைவைத் தணிக்கும் கிண்ணத்தில்) எண்ணெய் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

புகையின் நிறமும் பேசும். இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டு, மறுபடி மிதிக்கும்போது நீலப் புகை என்றால் வால்வு கைடு, சீல். இழுத்து ஓட்டும்போது தொடர்ந்து நீலம் என்றால் பிஸ்டன் ரிங். இந்த இரண்டாவது, ஒரு வாரத்தில் முடிகிற வேலை அல்ல.

மற்றவை

டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண் தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். பட்டன் (தரையைத் தொடும் வரிகள்) நன்றாக இருந்தாலும் சுவர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். ரேடியல் டயரையும் பழைய வகை கிராஸ்பிளை டயரையும் ஒரே ஆக்சிலில் கலக்கக் கூடாது. முன்னால் ரேடியல், பின்னால் கிராஸ்பிளை போடுவதும் ஆபத்து. பழைய ரப்பர் பெட்ரோல் ஹோஸ்கள் எத்தனால் கலந்த பெட்ரோலில் வெடித்துக் கசியும். எத்தனாலைத் தாங்கும் ஆர்9 தர ஹோஸ் போடுங்கள். ஹாரன் வேலை செய்யாவிட்டால், ஸ்டீயரிங் கம்பத்தின் ரப்பர் இணைப்பைத் தாண்டிப் போகும் எர்த் பட்டையைப் பாருங்கள்.

திரும்பப் போகும் முன்

புது லைனிங் போட்டவுடன் சோதனைக்குப் போகாதீர்கள். அது டிரம்மோடு பொருந்தக் கொஞ்சம் ஓட வேண்டும். வண்டி இல்லாத சாலையில் மிதமான வேகத்திலிருந்து பலமுறை நிதானமாக பிரேக் பிடித்து ஓட்டிவிட்டு, ஷூவை மறுபடி ஒருமுறை அட்ஜஸ்ட் செய்யுங்கள். பிறகு பத்து கிலோமீட்டர் பிரேக்கை முடிந்தவரை தொடாமல் ஓட்டி நிறுத்தி, இறங்கி, நான்கு டிரம்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். மற்ற மூன்றைவிட ஒன்று மட்டும் சுட்டால் அந்தச் சக்கரம் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. அதைத் திறந்து பார்த்துச் சரிசெய்த பிறகு சோதனைக்கு நாள் வாங்கலாம்.